விற்றது யார்?

மளிகைக் கடையில் கண்ணுக்கு நேரே தொங்குவது ஷாம்பு சரங்கள். 1994-ல் நான் ராஜபாளையம் லைனில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தபோது, ஆர்டர் எடுப்பதைவிட முக்கியமான வேலையாக எனக்குச் சொல்லித்தரப்பட்டது சரத்தை முன்னால் கொண்டுவருவதுதான். அண்ணாச்சி பருப்பு நிறுக்கத் திரும்பும் நேரம் பார்த்து, போட்டிக் கம்பெனிச் சரத்தைப் பின் கொக்கிக்குத் தள்ளிவிட்டு நம்முடையதை முன் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மறுநாள் அந்தக் கம்பெனிப் பையன் வந்து அதையே திருப்பிச் செய்வான். ஒரு முறை இருவரும் ஒரே நேரத்தில், கையில் சரத்தோடு, ஒரே கடையில் மாட்டிக்கொண்டோம். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு பேரும் வெளிய போய் பேசி முடிச்சிட்டு வாங்கப்பா. எது முன்னால தொங்கினாலும் எனக்கு அதே அஞ்சு பைசாதான்.”

அந்த மாதம் எங்கள் விற்பனை ஏறியது. மாத முடிவுக் கூட்டத்தில் ஏரியா மேலாளர், புதிதாக ஓடிய டிவி விளம்பரம்தான் காரணம் என்றார். விளம்பர ஏஜென்சிக்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். கடைகளுக்குப் பதினைந்து நாள் கடனை இருபத்தொரு நாளாக நீட்டித் தந்திருந்த டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் தன்னால்தான் என்றார். நான் கொக்கியை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு முப்பது வருடம் இதே தொழிலில் ஓடிவிட்டது. லைன் சேல்ஸ், பிராண்டு மேலாளர் நாற்காலி, கொஞ்ச காலம் ஏஜென்சி, கடைசிப் பன்னிரண்டு வருடம் டிஜிட்டல் என்று விசிட்டிங் கார்டு மாறிக்கொண்டே வந்தது. அந்தக் கூட்டத்தில் மூன்று விதப் பதில் இருந்த கேள்வி மட்டும் மாறவில்லை. ஒரு பொருள் விற்றால், அதை விற்றது யார்? பொருளா, விலையா, கடையா, விளம்பரமா? இதற்கு உலகில் கிடைத்திருக்கும் பதில்களையும், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

நல்ல வழக்கு ஒன்று நம் கடலூரிலேயே இருக்கிறது. சின்னி கிருஷ்ணன் டால்கம் பவுடரையும் எப்சம் உப்பையும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து விற்றவர். வசதியானவர் வாங்கும் பொருள் கூலி வேலைக்குப் போகிறவர் கைக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். வெல்வெட் ஷாம்பு சாஷேயில் வந்தது அந்த வழியில்தான். அவர் மறைவுக்குப் பிறகு மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு விலகி 15,000 ரூபாயோடு 1983-ல் தனியாகத் தொடங்கினார். ஷாம்புக்கு வைத்த பெயர் சிக். அப்பாவின் பெயரைச் சுருக்கியது. அந்த நிறுவனம்தான் 1998-ல் கெவின்கேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சிக் வளர்ந்த கதையை ரங்கநாதன் பேட்டிகளில் எண்களோடு சொல்லியிருக்கிறார். மாத விற்பனை 35,000 ரூபாயாக இருந்த காலத்தில் ஒரு ஸ்கீம் போட்டார்கள். எந்தக் கம்பெனியின் காலி சாஷே என்றாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, காலி சாஷே ஐந்தும் சிக்காக இருந்தால்தான் இலவசம் என்று மாற்றினார்கள். விற்பனை மாதம் 12 லட்சம் ஆனது. பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகளில் கொண்டுவந்தார்கள், 30 லட்சம். அதற்கும் பிறகு நடிகை அமலாவை வைத்து விளம்பரம், 1 கோடி.

இந்த நான்கு எண்களை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். விளம்பரத் துறைக்காரர் கடைசி வரியைப் பிடித்துக்கொள்வார்: அமலா வந்ததும் 70 லட்சம் கூடியது, பார்த்தீர்களா என்பார். விற்பனைத் துறைக்காரர் பெருக்கிப் பார்ப்பார். ஸ்கீம் 34 மடங்கு, வாசனை இரண்டரை மடங்கு, அமலா மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஸ்கீம்தான் ராஜா என்பார். இருவர் கணக்கும் சரி. இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் இவை ஒன்றன் பின் ஒன்றாக நடந்தவை. கடைக்குக் கடை சிக் தொங்கிக்கொண்டிருந்த பிறகுதான் அமலா வந்தார். கடையில் சரக்கே இல்லாத காலத்தில் அவர் முகத்தைக் காட்டியிருந்தால், பார்த்தவர்கள் கடைக்குப் போய் வேறு ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். வாசனை சரியில்லாமல் இருந்திருந்தால், இலவசமாக வாங்கியவர் இரண்டாம் முறை காசு கொடுத்திருக்க மாட்டார்.

அந்த ஸ்கீமில் நுணுக்கம் ஒன்று உண்டு. அது தள்ளுபடி இல்லை. எங்கள் தெருவில் நாங்கள் பையன்கள் காலிக் கவர்களைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரரிடம் சிக் என்ற பெயரை வாயால் சொல்லிக் கேட்டோம். பெயரைச் சொல்லிக் கேட்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான காரியம். கிராமத்துப் பெண்கள் பெரும்பாலும் “அந்தப் பச்சைப் பாக்கெட்”, “அந்த ஒரு ரூவா பாக்கெட்” என்றுதான் கேட்பார்கள். எந்தப் பச்சை என்பதை அண்ணாச்சி தீர்மானிப்பார். சிக் ஆட்கள் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடப் பையன்களை உட்காரவைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டி, சுற்றி நின்றவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு நடுவே விளம்பரம் காட்டினார்கள். அவர்களுக்குப் போட்டி இன்னொரு ஷாம்பு கம்பெனி அல்ல. சீயக்காயும் அரப்பும் தலைக்கும் துணிக்கும் ஒரே கட்டியாக இருந்த சோப்பும்தான்.

பெரிய கம்பெனிகளின் உலகம் வேறு மாதிரி இருந்தது. விவித் பாரதியில் 1967-ல் விளம்பரம் வந்தது, தூர்தர்ஷனில் 1976-ல். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்ததும், தமிழ் வீடுகளை எட்டத் தமிழிலேயே ஒரு வழி பிறந்தது. ஏஜென்சிகளுக்கு அன்றைய வழக்கப்படி கூலி, ஊடகத்தில் செலவாகும் பணத்தில் 15 சதவீதம். அதாவது கம்பெனி எவ்வளவு அதிகமாக விளம்பரத்தில் போடுகிறதோ அவ்வளவு ஏஜென்சிக்கு லாபம். விற்றது விளம்பரமா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பது, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமா என்று பெயின்டரிடம் கேட்பது போல. அந்தக் கூட்டத்துக்குள் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அந்தக் காலத்து வழக்குகளில் சர்ஃபும் நிர்மாவும் மோதியதுதான் பெரியது. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் வீட்டுக் கொல்லையில் கலக்கத் தொடங்கிய மஞ்சள் நிறச் சலவைத்தூளான நிர்மா, சர்ஃபின் விலையில் சிறு பங்குக்கு விற்றது. சர்ஃபை விற்ற இந்துஸ்தான் லீவர் பதிலுக்கு எடுத்த விளம்பரம்தான் லலிதாஜி. லிண்டாஸ் ஏஜென்சியின் அலிக் பதம்சீ உருவாக்கிய அந்தக் கறார் குடும்பத் தலைவியை இந்தியா முழுவதும் அறிந்தது. விலை குறைந்த பொருளை வாங்குவதற்கும் நல்ல பொருளை வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவர் வாதாடினார். அருமையான விளம்பரம். சர்ஃப் தன் விலையில் நிற்க அது உதவியது. ஆனால் நிர்மாவை அது நிறுத்தவில்லை. நிறுத்த முயன்றது 1987-ல் லீவர் கொண்டுவந்த மலிவு விலை வீல். விலையோடு மோத விலைதான் வேண்டியிருந்தது.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. கடை முதலாளியே விளம்பரத்தில் நிற்பது. வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரின் சிரித்த முகம் தெரியாத தமிழர் அநேகமாக இல்லை. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் திரையில் வந்து, எங்கள் நகையைப் படம் பிடித்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் சேதாரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் நடிகைகளோடு ஆடியபோது, ஏஜென்சி வட்டாரத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மீம்கள் குவிந்தன. சிரித்த ஒவ்வொருவரும் கடையின் பெயரை இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. அவர் 2022-ல் ‘தி லெஜண்ட்’ படத்தில் கதாநாயகனாகவே வந்துவிட்டார். எங்கள் ரசனையை யாரும் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கும் உண்டு. போவோண்டோ. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் கருஞ்சிவப்புப் பானம். பல வருடம் அது கோக், பெப்சிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. காரணத்தை டிவியில் தேடக் கூடாது, கடையின் குளிர்பெட்டியில் தேட வேண்டும். பெரிய கம்பெனிகள் கடைக்காரருக்கு விசிகூலர் என்ற அந்தக் குளிர்பெட்டியைத் தரும். அதில் தங்கள் பாட்டில்களையே அடுக்கச் சொல்லும். தமிழ்நாட்டு வெயிலில் குளிர்பெட்டிக்கு வெளியே நிற்கும் பாட்டில் விற்காது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதைத் தொடர்ந்து மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. குளிர்பெட்டியில் இடம் காலியானது; போவோண்டோவுக்குக் கிராக்கி ஏறியது. பெயர் மக்கள் நினைவில் எப்போதும் இருந்திருக்கிறது. கை நீட்டும் இடத்தில்தான் பாட்டில் இல்லாமல் இருந்தது.

இதையெல்லாம் கோட்பாடாக எழுதியவர் ஆஸ்திரேலியப் பேராசிரியர் பைரன் ஷார்ப். ஆண்ட்ரூ ஏரன்பெர்க் பல ஆண்டுகள் வாங்குவோர் பதிவுகளை அலசிக் கண்டதை அடியொற்றி, 2010-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் சாரம் இது: பிராண்டு வளர்வது தீவிர பக்தர்களால் அல்ல, எப்போதாவது ஒரு முறை வாங்கும் ஏராளமானவர்களால். அதற்கு இரண்டு தேவை. வாங்கும் நேரத்தில் பெயர் நினைவுக்கு வர வேண்டும். கைக்குப் பக்கத்தில் பொருள் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் விசுவாசம் என்று மணிக்கணக்கில் பேசிய எங்கள் கூட்டங்களுக்கு இது கசப்பு மருந்து. ஆனால் ராஜபாளையம் அண்ணாச்சிக்கு இதில் ஒரு செய்தியும் இல்லை. வாரம் ஒரு சாஷே வாங்குகிறவரை நம்பித்தான் அவர் கடையே நடந்தது.

இன்னொரு முக்கிய ஆய்வு பிரிட்டனைச் சேர்ந்த லெஸ் பினே, பீட்டர் ஃபீல்டு இருவருடையது, 2013. சுமார் 1,000 விளம்பர முயற்சிகளை அலசி, பெயரை ஊன்றுவதற்கு 60 பங்கும் உடனே வாங்க வைப்பதற்கு 40 பங்கும் செலவிடுவது சராசரியாக நல்லது என்றார்கள். 60-க்கு 40 என்பது இன்று எல்லா நிறுவனங்களிலும் மந்திரம் போல ஓதப்படுகிறது. ஓதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த 1,000-மும் விளம்பரத்தின் பலனுக்கான விருதுக்கு அனுப்பப்பட்டவை. தோற்ற விளம்பரத்தை யாரும் விருதுக்கு அனுப்புவதில்லை. போதாததற்கு, மூன்று பொருளும் ஒரு வேனும் வைத்திருக்கிறவருக்கு 60-ம் 40-ம் எங்கிருந்து வரும்?

நான் சரம் இழுத்துக்கொண்டிருந்த அதே 1994-ல், அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவில் ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் ஏ.டி.அண்ட்.டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் ஏறியது. பார்த்தவர்களில் 100-க்கு 44 பேர் கிளிக் செய்தார்கள் என்பது பதிவு. இன்று 100-க்கு ஒருவர் கிளிக் செய்தாலே நல்ல நாள். எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணிச் சொல்லும் விளம்பரத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. 2000-ல் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்தது. இரண்டு வருடத்தில், யாராவது தொட்டால் மட்டும் காசு கொடுத்தால் போதும் என்ற முறைக்கு அது மாறியது. எங்கள் பழைய கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது என்று நம்பினோம். நான் டிஜிட்டலுக்கு மாறியது அந்த நம்பிக்கையில்தான். காலையில் டாஷ்போர்டைத் திறந்தால் எந்த விளம்பரத்தால் எத்தனை விற்பனை என்று பைசா சுத்தமாகத் தெரியும். மேலதிகாரியிடம் போய் நிற்கும்போது கையில் எண் இருந்தது. கொக்கியைப் பற்றிப் பேச வாய் வராத எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி முடியாது.

சந்தேகம் எனக்கு ஒரு சின்ன விஷயத்தில் தொடங்கியது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மிக நன்றாக விற்றுக் கொடுத்த விளம்பரம், கூகுளில் எங்கள் பெயரையே தட்டச்சு செய்து தேடியவர்களுக்குக் காட்டப்பட்டதுதான். செலவு குறைவு, விற்பனை கொட்டியது. ஆனால் எங்கள் பெயரை அடித்துத் தேடுகிறவர் ஏற்கெனவே எங்களைத் தேடி வருகிறவர்தானே? தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர், இன்று 600 பேரைப் படத்துக்கு அழைத்துவந்தது நான்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோவையில் மட்டும் இரண்டு வாரம் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்ப்போம் என்றேன். ஒப்புக்கொள்ள ஐந்து மாதம் ஆனது. நிறுத்தினோம். கோவை விற்பனை எப்போதும் போலவே இருந்தது. அந்த அறிக்கையை யாரும் மறுக்கவில்லை. அடுத்த காலாண்டு பட்ஜெட்டில் அந்த விளம்பரத்துக்குத் தொகையும் குறையவில்லை.

எங்கள் கோவை பரிசோதனை ஒன்றும் புதிதல்ல. 2012-ல் ஈபே இதைப் பெரிய அளவில் செய்திருந்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், ஈபே என்ற பெயரைத் தேடுவோருக்குக் காட்டும் விளம்பரத்தை யாகூ, எம்.எஸ்.என் தேடுபொறிகளில் நிறுத்தினார்கள். இழந்திருக்க வேண்டிய வருகையில் 99.5 சதவீதம் இலவசத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தது. அடுத்து, பெயர் அல்லாத பொதுச் சொற்களுக்கான விளம்பரங்களையும் அமெரிக்காவின் சில பகுதிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்குகிறவர்கள் விளம்பரம் இல்லாமலும் வாங்கினார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் மட்டும் விளம்பரம் வேலை செய்தது. செலவு முக்கியமாகப் போனதோ முதல் வகையினருக்கு. 2017-ல் புராக்டர் அண்ட் கேம்பிள் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரத்தைக் குறைத்துவிட்டு, விற்பனையில் பாதிப்பு தெரியவில்லை என்றது. 2019-ல் அடிடாஸ் தரப்பில் ஒரு ஒப்புதல் வந்தது. பட்ஜெட்டில் 77 சதவீதத்தை உடனடி விற்பனைக்கான டிஜிட்டலில் போட்டுக்கொண்டிருந்தார்களாம். லத்தீன் அமெரிக்காவில் ஒரு கோளாறால் கூகுள் விளம்பரம் நின்றபோது வருகை விழவில்லை. அதற்குப் பிறகுதான் ஆராய்ந்தார்கள்.

ஆக டிஜிட்டல் எல்லாம் பித்தலாட்டம் என்று முடித்துவிடலாமா? என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் அதில் சேரவில்லை. ஈபே முடிவையே திருப்பிப் படியுங்கள். புதியவர்களிடம் அது வேலை செய்தது. எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயருக்குப் புதியவர்கள் குறைவு. யாருக்குமே தெரியாத சின்னப் பெயருக்கு எல்லோருமே புதியவர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் தறி வைத்திருந்தவர்களும் சேலைக் கடைக்காரர்களும் கைப்பேசி முன் நின்று சேலையை விரித்துக் காட்டத் தொடங்கினார்கள். வாட்ஸ்அப்பில் படம் போய், திருநெல்வேலியில் இருக்கிற ஒரு பெண் தன் தெருவுக்கு மறுவிற்பனை செய்கிறார். தி.நகரில் கடை பிடிக்க முடியாதவர்கள், சன் டிவியில் பத்து நொடி வாங்க முடியாதவர்கள் இவர்கள். இவர்களிடம் போய் விற்றது யார் என்று கேட்டால், ஒரு நொடியும் யோசிக்காமல் போனைக் காட்டுவார்கள். அது உண்மை.

பெயர் ஊன்றும் வேலையும் அங்கே நடக்கிறது, பழைய முறையிலேயே. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் வயல்வெளியில் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள். 2018-ல் தொடங்கி 2021-ல் 1 கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அது. அதே தாத்தா, அதே கூவல், அம்மியில் அரைக்கும் அதே வரிசை. வீடியோவுக்கு வீடியோ மாற்றமே கிடையாது. நாங்கள் ஏஜென்சியில் மாதத்துக்கு ஒரு புது ஐடியா தேடி அலைந்தபோது, மாற்றாமல் இருப்பதன் பலனை ஒரு குடும்பம் அடுப்படியில் கண்டுபிடித்துவிட்டது.

இன்ஃப்ளூயன்சர் விவகாரம் தனிக் கட்டுரை கேட்கும். காசு வாங்கிக்கொண்டு பேசுவதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-ல் விதி கொண்டுவந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் குறிப்பு எந்த மூலையில், எந்தச் சின்ன எழுத்தில் வருகிறது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

எண்ணும் வசதியே இப்போது தேய்ந்துவருகிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், செயலிகள் ஒருவரைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றாக்கியது. நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். டாஷ்போர்டில் இன்று தெரியும் விற்பனை எண்களில் கணிசமானவை எண்ணியவை அல்ல, ஊகித்தவை. ஊகத்தைச் செய்வது விளம்பர இடத்தை விற்கும் அதே நிறுவனம். பழைய 15 சதவீதக்காரரிடம் கேட்ட கேள்வியை இன்று இவர்களிடம் கேட்கிறோம். அதனால் சிறு வணிகருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வருடத்தில் ஒரு முறையாவது ஏதாவது ஒரு ஊரில் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். இதைச் செய்ய எந்த மென்பொருளும் வேண்டாம், தைரியம்தான் வேண்டும். என் அனுபவத்தில் பெரிய கம்பெனிகளில் அது கிடைப்பதில்லை. நிறுத்தினால் விற்பனை விழுமோ என்று பயப்படுபவர்களைவிட, விழாமல் போய்விடுமோ என்று பயப்படுபவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ராஜபாளையம் போனேன். அண்ணாச்சி கடையில் இப்போது மகன் இருக்கிறார். கொக்கிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் காசு வந்ததும் கத்திச் சொல்லும் யூபிஐ பெட்டி. நான் நின்றிருந்தபோது ஒரு பெண் வந்து போனை நீட்டினார். ரீல்ஸில் பார்த்த ஒரு ஹேர் ஆயிலின் ஸ்கிரீன்ஷாட்.

“இது இருக்காண்ணா?”

அவர் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இல்லக்கா. இதே மாதிரி வேற இருக்கு, தரவா?”

“வேணாம். இதான் வேணும்.”

அவர் மேசை மேல் கிடந்த சிகரெட் அட்டையைக் கிழித்து, பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

“செவ்வாக்கிழம சேல்ஸ்மேன் வருவான். கேட்டு வைக்கிறேன்க்கா.”